தொப்புளுக்கு மேலே ஒரு கோடு

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் புரொடக்ஷன் சூப்பர்வைசர், அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். "இன்னா புரொடக்ஷன், சாப்டாச்சா?" என்பார் அவர். "ஆச்சு குவாலிட்டி" என்பேன் நான். நான் நல்லது என்று அனுப்புவதை அவர் கெட்டது என்று திருப்புவார். அதை நான் நல்லதுதான் என்று மறுபடி அனுப்புவேன். இந்தச் சண்டைக்குத்தான் கம்பெனி எங்கள் இரண்டு பேருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இருசக்கர வண்டிகளுக்கான ஷாஃப்ட் செய்கிற கம்பெனி அது. அவர் சட்டைப் பையில் மூன்று நிறத்தில் அட்டைச் சீட்டுகள் இருக்கும். பச்சை என்றால் பாஸ். மஞ்சள் என்றால் மறுபடி செதுக்கிக் கொண்டு வா. சிவப்பு என்றால் பழைய இரும்புக்குப் போடு. என் தட்டுகளில் சிவப்புச் சீட்டைக் கட்டும்போது அவர் முகத்தில் கோபமோ சந்தோஷமோ இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். மனிதன் கொஞ்சம் சந்தோஷப்பட்டாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

"ஓய், ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. என்ன நம்பவே மாட்டீரா?" என்று ஒருநாள் கத்தினேன். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"உன்ன நான் நம்பறேன்யா. மைக்ரோமீட்டருதான் நம்ப மாட்டேங்குது" என்றார். அவருக்கு நாகரசம்பட்டி. ஊரில் நான்கு ஏக்கர் மாந்தோப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தவர். மாம்பழத்தில்கூட அவருக்கு மூன்று நிறச் சீட்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேன்டீன் வடை வரவர மெலிகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த சமயம், அவர் ஒருவர்தான் வெர்னியரை எடுத்துப்போய் ஐந்து வடைகளை அளந்து, நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தார். வடை ஓரளவு தடித்தது. ஆனால் அந்த வெர்னியரில் எண்ணெய் பட்டுவிட்டதே என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார். ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பில் பச்சைச் சீட்டைக் கட்டினார். ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் உள்ளே அழுகியிருந்ததாம்.

அவரிடம் நான் வசமாக மாட்டிக்கொண்டது லாக் ஷீட்டில். அரை மணிக்கு ஒரு ஷாஃப்ட்டை எடுத்து அளந்து எழுத வேண்டும். அன்றைக்கு மெஷின் மக்கர் செய்ததால் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. டீ குடிக்கிற ஐந்து நிமிடத்தில் எட்டு அளவையும் நானே போட்டு எழுதிவிட்டேன். அவர் தாளை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"இது அளந்தது இல்ல புரொடக்ஷன்."

"எப்படிச் சொல்லுதீரு?"

"ரொம்ப நல்லா கீது. நெசமான ரீடிங்கு இவ்ளோ ஒழுங்கா இருக்காது. கொஞ்சம் அப்டி இப்டி ஆடும். ஒண்ணு ரெண்டு தப்பாக்கூட வரும்."

எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எட்டு ஷாஃப்ட்டையும் அவரே அளந்து எழுதினார். அதற்காக நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

அவர் விழுந்ததும் இந்தக் குணத்தால்தான். மத்திகிரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். கோடைக்காலம். தொட்டி நிறைய தண்ணீர் ஏற்றிவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் சரி என்று குழாயைத் திறந்திருப்பார்கள். இவர் ஒரு குச்சியில் இரும்பு ஸ்கேலைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடித் தொட்டியின் மேல் ஏணி போட்டு ஏறினார். இறங்கும்போது ஏணி வழுக்கியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே சந்தில் விழுந்தார்.

"ஓடிப்போயி தூக்கினா, 'முக்காத் தொட்டிதான்டி'ன்னாருண்ணா" என்று அவர் மனைவி பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்ததுண்டு. சிரித்து முடித்ததும் அழும். அந்தத் தங்கச்சி பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுப் பிரிவில் வேலை பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கையெல்லாம் முள் கீறல்.

முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கி உள்ளே தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. தொப்புளுக்கு ஒரு விரல் மேலே வரை அவர் இருந்தார். அதற்குக் கீழே இருந்தது அவருடையது என்று அவருக்கே தெரியவில்லை. நினைவு வந்ததும் நர்ஸிடம், இந்தத் தெர்மாமீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டாராம். அதைக் கேட்டபிறகுதான் மனிதர் பிழைத்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கம்பெனியில் அவருடைய நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். கேட்டதற்கெல்லாம் பச்சைச் சீட்டு கட்டுகிற தங்கமான மனிதர். எனக்கு வேலை சுலபமாகியிருக்க வேண்டும், ஆனால் சப்பென்று போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திகிரிக்குப் போக ஆரம்பித்தேன். தரைத்தளத்துக்கு வீடு மாற்றியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் வெர்னியர்களையும் மைக்ரோமீட்டர்களையும் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வார். புண் வராமல் இருக்கவாம். அதற்கும் ஒரு அட்டவணை சுவரில் தொங்கியது.

"கால் கட்ட வெரலு ஆடுச்சுண்ணா, நான் பாத்தேன்" என்று தங்கச்சி ஒருநாள் வாசலுக்கே ஓடி வந்தது.

"ஆடிச்சு. நான் சொல்லி ஆடல, அதுவா துள்ளுச்சு" என்றார் அவர் உள்ளே இருந்து. "நேத்து அம்பது வாட்டி ஆடு ஆடுன்னு சொன்னேன், ஒருவாட்டி கூட ஆடல. சும்மா டீ குடிக்கறப்போ ரெண்டு வாட்டி துள்ளுச்சு. இதுக்கு இன்னா சீட்டு கட்டறது?"

அந்தச் சமயத்தில்தான் செல் சிகிச்சை என்ற பேச்சு எங்கள் பக்கம் பரவியது. ஓசூரில் இருந்து பெங்களூர் போகும் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுப்பார்கள், அதிலிருந்து மூலச் செல்களைப் பிரித்து முதுகுத் தண்டில் ஏற்றுவார்கள், செத்த நரம்பு முளைத்துக்கொள்ளும் என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். ஒரு கிளினிக்கில் இருந்து டை கட்டிய ஒருவர் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தார். திரையில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்து எழுந்து நடந்தார்.

"இவரு விழுந்து எத்தினி நாள்ல ஊசி போட்டீங்க?" என்று கேட்டார் நம்மவர்.

"ஒரு மாசம் சார்."

"ஒரு மாசத்துல சில பேருக்குத் தன்னாலயே கொஞ்சம் திரும்பும்னு சொல்றாங்களே. இவருக்கு ஊசியால வந்துதா, தன்னால வந்துதா?"

"ஊசியாலதான் சார். நூறு பர்சன்ட் கேரன்டி."

"ஊசி போடாதவங்க எத்தினி பேர வெச்சி ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

டைக்காரர் சிரித்தார். போட்டால் நடப்பார்கள், எதற்கு சார் போடாமல் வைப்பது என்றார். அவர் வெளியே போனபிறகு, அவர் வைத்துவிட்டுப் போன வழுவழுப்பான புத்தகத்தில் துளை போட்டுச் சிவப்புச் சீட்டைக் கட்டினார் குவாலிட்டி. தங்கச்சி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பிறகு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக ஆள் எடுப்பதாகத் தெரிந்து போனோம். கூட நானும் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். "நடக்க வைக்கிறேன்னு நான் சொல்ல மாட்டேன். இது கெடுதல் பண்ணுதா இல்லையான்னு பாக்கறதுதான் முதல்ல. பலன் இருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது" என்றார். சிலருக்குச் செல் ஏற்றுவார்களாம், சிலரை ஏற்றாமலே கவனிப்பார்களாம், யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில் விழுமாம்.

வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தார். "தெரியாதுன்னு சொன்னாங்க பாத்தியா? இவ்ளோ நாள்ல அப்டிச் சொன்ன மொத ஆளு. இவங்க கையில உடம்ப குடுக்கலாம்யா" என்றார். குலுக்கலில் அவருக்குச் செல் ஏற்றும் பக்கம் விழுந்தது. இடுப்பில் எடுத்தார்கள், பிரித்தார்கள், கீழ் முதுகில் ஊசி வழியாகத் தண்டுவட நீரில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் அந்தச் சின்னக் குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரையும் எண்ணையும் தன் கையில் கட்டியிருந்ததோடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திரும்பிப் படுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கழித்துத்தான் முழுச் சோதனை. அதுவரை சும்மா இருப்பாரா? பால்பாயின்ட் பேனாவால் வயிற்றின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுக்கொண்டார். தொப்புளுக்கு ஒரு விரல் மேலே. கோட்டுக்கு மேல் உணர்ச்சி உண்டு, கீழே இல்லை. கோடு கீழே இறங்கினால் செல் வேலை செய்கிறது, இறங்காவிட்டால் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வார். ஒரு குண்டூசியால் நான் அங்கங்கே தொட வேண்டும். சில தடவை கூர் முனையால், சில தடவை தலைப்பக்கத்தால், சில தடவை தொடாமலே "தொட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் "கூரு", "மொட்ட", "இல்ல" என்று பதில் சொல்வார். நான் செய்ததை ஒரு பக்கமும் அவர் சொன்னதை இன்னொரு பக்கமும் நான் எழுத வேண்டும்.

"தங்கச்சிய வச்சுச் செய்யலாமே?" என்றேன்.

"அவ வேணாம். அவளுக்கு நான் நடக்கணும். எழுதறப்போ கை சாஞ்சுடும். உனக்கு நான் நடந்தாலும் ஒண்ணுதான், நடக்காட்டியும் ஒண்ணுதான். நாலு வருசம் சண்ட போட்ட ஆளு நீ. உன்னிய மாதிரி இன்ஸ்பெக்டரு கெடைக்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊசியை வாங்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் பஸ் மாறி வருகிறவனை, நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிறாரே என்று சொல்லத் தெரியவில்லை. ஆண்பிள்ளைகள் நாங்கள் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை.

நான்கு மாதம் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. கோட்டுக்கு மேலேகூட அவர் ஒன்றிரண்டு தப்பாகச் சொல்வார், மனிதர்தானே. கீழே, திரும்பும் உணர்ச்சி முதலில் ஊகம் மாதிரிதான் இருக்கும் என்று குருட்டாம்போக்கில் எதையாவது சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் தாளை வாங்கிப் பார்ப்பார், "மாத்தம் இல்ல" என்று எழுதித் தேதி போடுவார், பிறகு தங்கச்சி கொண்டுவரும் ராகி தோசையை வழக்கம்போல் பேசிக்கொண்டே சாப்பிடுவார். என் தட்டில்தான் பாதி தோசை அப்படியே இருக்கும்.

அந்த ஒரு ஞாயிறு மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஊசியை எடுத்தேன். துண்டுக்கு அடியில் இருந்து, "இன்னிக்காவது எதாவது இருக்குமாய்யா?" என்றார். அது குவாலிட்டியின் குரலே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் குரல். சமையலறை வாசலில் தங்கச்சி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றது. நான் ஊசியை அவர் மேல் வைக்கவே இல்லை, "தொட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன். "கூரு?" என்றார் அவர். கேள்வி மாதிரி, கெஞ்சல் மாதிரி.

நான் செய்த பக்கத்தில் 'கூர்' என்று எழுதினேன்.

ஒன்று எழுதினால் நின்றிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. அவர் என்ன சொன்னாரோ அதையே நானும் செய்ததாக எழுதிக்கொண்டே போனேன். கோடு தொப்புளைத் தாண்டி இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. துண்டை அவிழ்த்துத் தாளைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தங்கச்சி சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அதையே செய்தேன். அதற்கடுத்த வாரமும். வேறு வழி? இறக்கிவிட்ட கோட்டை மறுபடி ஏற்றுகிற தைரியம் எனக்கு இல்லை. அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் ரேடியோ பாடியது. அவர் என்னைப் பார்த்து ஜோக்கெல்லாம் சொன்னார். இரவு படுத்தால் அன்றைக்கு அவர் கிழித்துப் போட்ட லாக் ஷீட் ஞாபகம் வரும், விடிந்தால் நல்லதுதானே செய்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். சமாதானம் சொல்வதில் புரொடக்ஷன்காரனை யாரும் மிஞ்ச முடியாது.

நான்காவது ஞாயிறுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனிக்குப் போன் வந்தது. உடனே வா என்றார். போனேன். மேஜை மேல் எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தாராம்.

"நாலு மாசமா கோட்டுக்கு மேல எத்தினி தப்பு சொல்லிக்கறேன் பாரு. ஒவ்வொரு வாரமும் ஒண்ணோ ரெண்டோ கீது. இந்த மூணு வாரம் பாரு. மேல தப்பு இல்ல, கீழயும் தப்பு இல்ல." விரலால் தாளைத் தட்டினார். "ஆளு பூராவும் குணமாயிட்டாக்கூட இவ்ளோ நல்லா வராதுய்யா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லி, குனியச் சொல்லி, என் சட்டையின் மேல் பித்தானில் அதைக் கட்டினார். நூல் முடிச்சு விழ நேரமானது. அந்த முகத்தில் இப்போதும் கோபம் இல்லை.

"உனக்கு ஒண்ணுதான்னு நெனச்சேன். தப்பு என்னுது" என்றார். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "உன்னோடது முடிஞ்சுது. இப்போ வேற ஒண்ணு கீது. போன வாரம் ஒருத்தரு கேள்விப்பட்டு வந்து இந்த ரெண்டாவது தாள ஜெராக்ஸ் எடுத்துனு போனாரு. நாட்றாம்பாளையம். அவரு மச்சான் புளிய மரத்துல இருந்து விழுந்து ரெண்டு வருசமா படுக்கையில கீறாரு. ரெண்டு வருசம் ஆயிட்டதால இந்த ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில அவர சேத்துக்க மாட்டாங்க. அந்த டை கட்டினவன் கிளினிக்குக்குத்தான் போவப் போறாங்க. செல்லு வேல செய்துன்னு என் தாள்தான் அவங்களுக்கு அத்தாட்சி. நாளைக்குக் குந்தாரப்பள்ளி சந்தையில உழவு மாட்ட விக்கறாங்களாம், நேத்து போன்ல சொன்னாங்க."

"போன் பண்ணிச் சொல்லிடலாமே?"

"போன்ல சொன்னா எவன் நம்புவான்? இவனுக்கு வந்துடுச்சு, நமக்கு வரக்கூடாதுன்னு சொல்றான்னு நெனப்பான். எழுதனவனே வந்து சொல்லணும். வண்டி புடி."

ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்து, சக்கர நாற்காலியை மடித்து மேலே கட்டி, அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒருபக்கமாகச் சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். சட்டையில் இருந்த சிவப்புச் சீட்டை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார், என்ன என்று கேட்கவில்லை.

நாட்றாம்பாளையத்தில் அந்த வீட்டு வாசலில் இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் டெம்போ வருகிறதாம். ஜெராக்ஸ் எடுத்துப் போனவர் ஓடி வந்து வரவேற்றார். நடக்க ஆரம்பித்தவரைத் தரிசிக்க வருகிற மாதிரி அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கட்டிலில் அந்த விவசாயி படுத்திருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். தலைமாட்டில் அந்த ஜெராக்ஸைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

குவாலிட்டி சக்கர நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. "அந்தத் தாள்ல இருக்கிறது பொய். நான்தான் மூணு வாரமா மாத்தி எழுதினேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. இவருக்கு எந்த மாத்தமும் வரல" என்று மட்டும் நினைவிருக்கிறது.

ஜெராக்ஸ் எடுத்துப் போனவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "வெளையாடறியா? மனுசனோட உசுருலயா வெளையாடற?" என்று உலுக்கினார். விவசாயியின் மனைவி சுவரோடு சுவராக நின்றார்.

"வுடு மாமா" என்றார் கட்டிலில் இருந்தவர். அவர் கையை எடுத்தார்.

"அப்போ அந்த செல்லு எதுக்கும் ஆவாதா?" என்று விவசாயி குவாலிட்டியைக் கேட்டார்.

"தெரியல. நெசமா தெரியல. என்னிய கவனிக்கற டாக்டரம்மாவுக்கே இன்னும் தெரியல. நாளைக்கு ஒருநா ஆவலாம். ஆனா தெரியும்னு சொல்லி மாட்ட விக்க வெக்கறவன் பொய் சொல்றான். என்னோட தாள் அந்தப் பொய்க்குச் சாட்சியா இருக்கக் கூடாது."

விவசாயி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி, குவாலிட்டியின் கால்களைப் பார்த்தார். நாற்காலியின் கால்பலகை மேல் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்ட கால்கள். எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

"அண்ணா, நெசம்னு நெனச்சினு இருந்தீங்களே மூணு வாரம். அது எப்டி இருந்துச்சு?"

குவாலிட்டி சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தார்.

"செருப்பு வாங்கினேன்" என்றார்.

எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குத்தான் வாராவாரம் போய்வந்தேன், கண்ணில் படவில்லை. எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

"இன்னா சைசு?" என்றார் விவசாயி.

"எட்டு."

"எனக்கு ஒம்போது" என்றார் அவர். "நான் போன வாரமே வாங்கியாரச் சொல்லிட்டேன். கட்டுலுக்கு அடியில கீது பாருங்க."

குவாலிட்டி குனிந்து பார்த்தார். புதுச் செருப்பு, அட்டைப் பெட்டியோடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கட்டில் குலுங்க, நாற்காலி குலுங்க, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல கால் உள்ள நாங்கள் மூன்று பேர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் விவசாயி கையை நீட்டி அந்த ஜெராக்ஸைச் சுவரிலிருந்து தானே கிழித்து எடுத்தார். நான்காக மடித்துக் குவாலிட்டியின் கையில் கொடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டி கொட்டாயில கட்டு. சந்தைக்கு வேணாம்" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மாடுகளை அவிழ்த்தார்.